எந்தப் பக்கம் பார்க்கிறது இந்தப் பெட்டி?

எங்கள் பக்கத்தில் "டவர் வந்திருச்சு" என்று யாராவது சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, மலை உச்சியில் இரும்புக் கோபுரம் எழும்பி, இரவில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. இன்னொன்று, லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டே போன் பேச முடிகிறது. முதலாவது நடந்து வருடக்கணக்காகியும் இரண்டாவது நடக்காத தோட்டங்கள் பதுளை மாவட்டத்தில் இருக்கின்றன. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோபுரங்களில் ஏறிப் பெட்டிகளைப் பூட்டுவதுதான் எங்கள் வேலை.

நாங்கள் மூன்று பேர். பசறை, ஹாலி-எல, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். கம்பனி வேலையை ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுக்கும். அவர் அதில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொடுப்பார். அந்த இன்னொருவர் எங்களுக்குப் போன் எடுப்பார். எங்களுக்குக் கவரேஜ் இருந்தால் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான்.

இந்த வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் உயரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். "பயமா இல்லையாடா?" பயம் இருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது. இடுப்பு பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றும்போது மற்றது பூட்டி இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதுதான் சட்டம். காற்று பலமாக வீசினாலோ, நமுனுகுல பக்கம் மின்னல் தெரிந்தாலோ இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான். உயரத்தைப் பற்றிச் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்களுக்குச் சொல்ல இருப்பது திசையைப் பற்றி.

முதலில், மேலே என்னதான் போகிறது என்று சொல்லிவிடுகிறோம். கோபுரத்தின் அடியில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் மின்சாரத்தை 48 வோல்ட்டாக மாற்றும் கருவி, பேட்டரிகள், எல்லாக் கணக்கையும் பார்க்கும் ஒரு பெட்டி. அங்கிருந்து ஒரு ஃபைபர் கேபிளும் ஒரு மின்கேபிளும் மேலே ஏறும். மேலே ரேடியோப் பெட்டிகள். ஒவ்வொன்றும் 20, 25 கிலோ வரும். அவற்றுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேல் நீளமான, பலகை போன்ற அன்டெனாக்கள். இன்னொரு பக்கம் வட்டமான மைக்ரோவேவ் டிஷ். நீங்கள் கீழிருந்து பார்க்கும்போது வெள்ளைப் பலகையும் வெள்ளை வட்டமுமாகத் தெரிவது இவைதான். பலகை உங்களோடு பேசுகிறது. வட்டம் அடுத்த மலையில் இருக்கும் கோபுரத்தோடு பேசுகிறது.

இவையெல்லாம் லொறியில் வரும். ஆனால் லொறி உச்சிவரை வராது. பெரும்பாலும் தேயிலை ஸ்டோர் வரைதான், சில நேரம் அதுவும் இல்லை. அங்கிருந்து தோளிலும் தலையிலும்தான். 12 வோல்ட் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 50 கிலோ. அப்படி நான்கைத் தொடராக இணைத்தால்தான் 48 வோல்ட். இரண்டு பேர் மூங்கில் கட்டித் தூக்கினாலும், மானாப் புல்லுக்குள் கால் வழுக்கும். தோட்டத்துப் பெடியன்கள் நாலு பேரைப் பிடித்துக்கொள்வோம். கொழுந்து மூட்டை சுமந்து பழகிய தோள்கள் அவை. ஒற்றையடிப் பாதை எந்த வளைவில் சரியும், எந்தக் கல் ஆடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மேலே ஏற்றிய பிறகு கப்பியும் கயிறும். ஒவ்வொரு நட்டுக்கும் எவ்வளவு முறுக்கு என்று அளவு உண்டு. கேபிள் பூட்டும் இடங்களில் ரப்பர் நாடா சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் நாடா சுற்ற வேண்டும். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். கூரைக்குத் தகரம் அடிக்கிற முறைதான். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் படிந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது. கேபிளை அலமாரிக்குள் விடும் முன் கீழே ஒரு வளைவு கொடுத்து, பிறகு மேலேற்றி உள்ளே விடுவோம். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை ஊவாவில் பெய்கிற மழைக்கு இந்தச் சின்ன வளைவு இல்லாமல் ஒரு கருவியும் தாங்காது. இடிக்காக நிலத்தில் செம்புக் கம்பி இறக்குவதும் எங்கள் வேலையே. கல்மலையில் ஈரமான மண் கிடைக்கும்வரை தோண்டுவதற்கே சில இடங்களில் முழு நாள் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அந்தக் காகிதம் வெளியே வரும். அதில் மூன்று பலகைகளுக்கும் இரண்டிரண்டு எண் இருக்கும். ஒன்று திசை: வடக்கிலிருந்து வலச்சுற்றாக எத்தனை பாகை என்று. உதாரணமாக 40, 160, 280. வட்டத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 120 பாகை. மற்றது சாய்வு: பலகை எவ்வளவு கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்று. 2, 4, 6 என்று சின்ன எண்கள். திசைகாட்டியைப் பிடித்து, காகிதத்தில் உள்ளபடி திருப்பி, சாய்த்து, நட்டை இறுக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் சரியாக இருந்தால்தான் கூலி.

ஒரு வருடம் இந்த வேலையைச் செய்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு தோட்டத்துப் பிள்ளை வீட்டிலிருந்து படிக்குமா, கல்லில் ஏறிப் படிக்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டு எண்கள்தான்.

சிக்னலை நம் ஆட்கள் மழை மாதிரி நினைக்கிறார்கள். "இன்னைக்கு கவரேஜ் நல்லா வருது", "பனி விழுந்ததும் போயிருச்சு" என்று வானிலை பேசுகிற மாதிரியே பேசுவார்கள். ஆனால் அது மழையைப் போலத் தானாகப் பெய்வதில்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரி. யாரோ ஒருவர் மடையை எந்தப் பக்கம் திறந்தாரோ அந்தப் பக்கம்தான் பாயும்.

ஒரு கணக்கைச் சொல்கிறோம். பசறைப் பக்கம் ஒரு தோட்டம். கோபுரம் மலை முதுகில். லயம் அதற்கு 250 மீற்றர் கீழே, கிடையாக அளந்தால் 1400 மீற்றர் தள்ளி. கோபுரத்திலிருந்து லயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 10 பாகை குனிய வேண்டும். பலகையிலிருந்து வெளிவரும் அலை எல்லாப் பக்கமும் பரவுவதில்லை. பக்கவாட்டில் அகலமாகவும், மேல்கீழாக ஒடுக்கமாகவும் விரியும் விசிறி மாதிரி அது. மேல்கீழ் அகலம் சுமார் 7 பாகைதான். காகிதத்தில் சாய்வு 4 என்று இருந்தது. அப்படியானால் விசிறியின் கீழ்விளிம்பு ஏழரைப் பாகை. லயம் இருப்பது 10 பாகையில். அலை லயத்துக் கூரைக்கு மேலாலேயே போய்விட்டது. விசிறியின் நடுப்பகுதி தரையைத் தொடுவது மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால். அங்கே ஒரு சந்தி, பஸ் நிற்கும் இடம், பத்துப் பதினைந்து கடைகள்.

விளக்கடியில் இருட்டு என்பது பழமொழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அதையே பாகையில் அளந்து பார்த்தோம்.

அந்த வேலையின் மூன்றாம் நாள் சாயந்தரம் நாங்கள் இறங்கி வரும்போது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மாயி எங்களை நிறுத்தினார். வாயில் வெற்றிலை. கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, மூணு பொட்டி வச்சீங்களே, ஒண்ணாச்சும் எங்க லயத்தப் பாக்குதா?"

"இல்ல அம்மாயி. காயிதத்துல அப்பிடித்தான் இருக்கு."

"காயிதம் போட்டவுக இங்கன வந்தாகளா?"

வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்களிடம் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் சந்தி ஒரு பெயரோடு இருக்கிறது. லயம் பச்சை நிறமாக இருக்கிறது. தேயிலை மலையும் லயமும் மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சைதான். அதோடு சந்தியில் டேட்டா வாங்குகிறவர்கள் அதிகம் என்று கணக்கும் சொல்கிறது. கோபுரம் கட்டப் பணம் போட்டவன் வாடிக்கையாளர் இருக்கிற பக்கம்தானே பலகையைத் திருப்புவான்? 1924 இல் ரயில் பதுளைவரை வந்ததே, அது ஆட்களை ஏற்ற வந்த பாதையல்ல. தேயிலையை ஏற்ற வந்த பாதை. லயத்து ஆட்கள் பிறகு அதில் ஏறிக்கொண்டார்கள். புதிதாக எது வந்தாலும் தோட்டத்துக்கு அது ஓரத்தால்தான் வந்து சேர்கிறது.

இது தோட்டத்துத் தமிழருக்கு மட்டும் நடப்பது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2021 ஆகஸ்டில் வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை போன ஒரு செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். மீகஹகிவுலப் பக்கம் போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமம், இதே பதுளை மாவட்டம். ஒரு ஆசிரியையும் சுமார் 45 பிள்ளைகளும் ஒன்லைன் பாடத்துக்காக மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியே நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். அங்கேதான் சிக்னல். லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய், 30 அடி உயரத்தில் மரத்தில் கட்டிய பரணில் ஏற்றி உட்கார வைத்தார்கள் பெற்றோர். கைபேசி 4ஜி இலங்கைக்கு வந்தது 2013 இல். எட்டு வருடம் கழித்தும் மரத்தில் ஏறித்தான் அதைத் தொட வேண்டி இருந்தது. அதே வருடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. மரத்தில் ஏறிய பிள்ளைகளின் படங்கள் வராமல் இருந்திருந்தால் கிராமத்துக் கவரேஜைப் பற்றி ஊரே பேசியிருக்குமா என்று நாங்கள் மூன்று பேரும் அடிக்கடி வாதாடுவோம்.

2021 மார்ச்சில்தான், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் ஒரு ஸ்மார்ட் போன் வாங்குவதென்றால் எத்தனை நாள் பேர் விழ வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைகள் இருந்தாலும் வீட்டுக்கு ஒரு போன். அதைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு ஏறினால் மற்ற இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பாடம் இல்லை.

தோட்டத்துக்குச் சிக்னல் வந்த பிறகும் இன்னொரு சுவர் இருக்கிறது. சுவர் என்று சும்மா சொல்லவில்லை, லயத்துச் சுவரையே சொல்கிறோம். வீட்டுக்கு எடுக்கும் 4ஜி இணைப்புகளில் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. அதன் அலை நீளம் சுமார் 13 சென்டிமீற்றர். 900 மெகாஹெர்ட்ஸ் அலை 33 சென்டிமீற்றர். அலை குட்டையாகக் குட்டையாக மலை மடிப்பைச் சுற்றிக்கொண்டு வருவது குறையும். மரமும் தடுக்கும். தகரமோ எந்த அலையையும் சுலபத்தில் விடாது. லயத்துக் கூரை தகரம். தொங்கல் காம்பராவில் இருப்பவர்களுக்காவது பக்கச் சுவர் ஒன்று வெளியே பார்க்கும். நடுக் காம்பராவில் இருப்பவர்களுக்கு முன்வாசல் மட்டும்தான். ராவுட்டரை உள்ளே வைத்தால் விளக்கு சிவப்பாகவே எரியும்.

அதற்கு வழி இருக்கிறது. வெளியே, கூரைக்கு மேல், கோபுரத்தைப் பார்த்து ஒரு சின்ன அன்டெனாவைக் கம்பத்தில் பூட்டி, கேபிளை உள்ளே கொண்டுவர வேண்டும். போனில் பார்த்தால் சிக்னலுக்கு ஒரு எண் வரும், எப்போதும் மைனஸில்தான். மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 115 என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. இந்த இரண்டுக்கும் இடையில் 30 தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 30 என்பது ஆயிரம் மடங்கு வித்தியாசம். காம்பராவுக்குள் மைனஸ் 115 காட்டின இடத்தில் கூரைக்கு மேல் மைனஸ் 95 காட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 20 வித்தியாசம், அதாவது நூறு மடங்கு. ஒரு கம்பமும் நாலு ஆணியும் போதும்.

ஆனால் அந்த ஆணியை அடிக்க யாருக்கு உரிமை? தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. எத்தனை தலைமுறை அந்தக் காம்பராவில் பிறந்து செத்தாலும், சுவர் நம் பெயரில் இல்லை. ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா, மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று சீட்டுப் பிடித்த காசில் இணைப்பு எடுக்க வந்தார். முதல் கேள்வி முகவரி. அவர் தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் சொன்னார். வீட்டு இலக்கம் கேட்டார்கள். லயத்து இலக்கம் இருக்கிறது, வீட்டுக்கு என்று தனியாக இல்லை. இருநூறு பேருக்கு ஒரே முகவரி. அடுத்தது கம்பம் நடத் தோட்டத்து ஆபீஸில் கடிதம் வேண்டும் என்றார்கள். ஆபீஸில் இன்றைக்கு வா, நாளைக்கு வா. இரண்டு அரைநாள் சம்பளம் போனதுதான் மிச்சம். கடைசியில் மகள் பதுளை டவுனில் சொந்தக்கார வீட்டில் தங்கிப் படித்தாள். இணைப்பு வரவில்லை, பிள்ளைதான் இணைப்பைத் தேடிப் போனாள்.

அந்த அம்மாயி கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. அடுத்த முறை அந்தத் தோட்டத்துக்கு வேறொரு பழுது பார்க்கப் போனபோது, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். அந்தத் தோட்டத்துப் பெடியன்களோடு சேர்ந்து எல்லா லயத்து வாசலிலும் போனைப் பிடித்து எண்ணைக் குறித்தோம். பிள்ளைக் காம்பரா, கோயிலடி, பிரட்டுக்களம், பாடசாலை, ஒன்றையும் விடவில்லை. 31 இடம். ஒவ்வொன்றுக்கும் படம். கொப்பித் தாளில் ஒரு வரைபடம் கீறி, எந்த லயத்தில் எத்தனை குடும்பம் என்று எழுதினோம். அதை எங்கள் சுப்பவைசரிடம் கொடுத்தோம். அவர் சிங்களவர், மொனராகலைப் பக்கம் ஊர். பார்த்துவிட்டு, "மல்லி, அப்பே கமத் மெஹெம தமய்" என்றார். எங்கள் ஊரும் இப்படித்தான் தம்பி என்று அர்த்தம். அவர்தான் அதைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பினார்.

நாலு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புதுக் காகிதம் வந்தது. ஒரே ஒரு மாற்றம்: இரண்டாவது பலகையின் சாய்வு 4 இலிருந்து 9. புதிய கருவி இல்லை, புதிய செலவு இல்லை. ஏறி, நட்டைத் தளர்த்தி, ஐந்து பாகை குனிய வைத்து, மறுபடி இறுக்கினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் லயத்து வாசலில் மைனஸ் 117 இருந்த இடத்தில் மைனஸ் 98. பெடியன்கள் விசில் அடித்தார்கள். அந்த அம்மாயியின் பேரன் கட்டாரில் இருக்கிறான். வீடியோ கோல் எடுத்து, அவன் முகம் ஆடாமல் தெரிந்ததும், "ஏன்டா இப்பிடி எளைச்சுப் போன?" என்றுதான் முதலில் கேட்டார்.

இத்தோடு கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரமே சந்தியிலிருந்து முறைப்பாடு வந்தது. மடையை இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் குறையும் அல்லவா? சந்திக் கடைகளில் வேகம் குறைந்துவிட்டது. இடையில் சந்தியைத் தாண்டி ஒரு கொலனியும் இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஐந்து பாகையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது நீதியாகாது. இரண்டு பக்கமும் பார்க்க இன்னொரு பலகையும் இன்னொரு ரேடியோப் பெட்டியும் வேண்டும். அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசை யார் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் நட்டும் போல்ட்டும். சந்தியும் லயமும் சேர்ந்து கையெழுத்து வைத்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதின கடிதம். பதில் இன்னும் வரவில்லை.

படிப்பையும் வீடியோ கோலையும் மட்டும் நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் போதாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலை ஏழு மணி தாண்டிய நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக மாற்று இடம் கொடுக்கப்படவில்லை. எனவே போனில் ஒரு எஸ்எம்எஸ் வந்தால் எல்லோரும் தப்பிவிடுவார்கள் என்று நாங்கள் கதை விட மாட்டோம். ஆனால் இப்போது மண்சரிவு எச்சரிக்கை போன் வழியாகவும் வருகிறது. அது லயத்தைத் தாண்டி சந்திக்கு மட்டும் போய்ச் சேருமானால், சரிகிற மண்ணுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் செய்தி கிடைக்கும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வேறொன்றையும் பார்த்தோம். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கரண்ட் போனது, பாதை போனது, கூடவே கவரேஜும் போனது. முன்னே சொன்ன அந்த வட்ட டிஷ்ஷை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு மலைக் கோபுரம் அடுத்த மலையோடு பேசும், அது அதற்கடுத்ததோடு. சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கோபுரத்தில் பேட்டரி இறங்கினால், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாக் கோபுரங்களும் விளக்கு எரிந்துகொண்டே ஊமையாகிவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகப் பாதை வேண்டும், பாதை மண்ணுக்குள். எங்களில் ஒருவரின் வீட்டாரோடு பேச மூன்று நாள் ஆனது. அவர்களுடைய மலையில் கோபுரம் நிமிர்ந்துதான் நின்றது. ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. பேசத்தான் முடியவில்லை.

அதனால்தான் கம்பியில்லாத இணைப்பையே முழுவதும் நம்ப வேண்டாம் என்று, அதைப் பூட்டுகிற நாங்களே சொல்கிறோம். மழைமானி ஒன்று லயத்தில் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும். பிரட்டுக்குத் தட்டிய தப்பு எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. அதற்குப் பேட்டரி தேவைப்படவில்லை. கவரேஜ் வேண்டும், கட்டாயம் வேண்டும். அது போகிற நாளுக்கும் ஏதாவது வேண்டும்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் தோட்டத்திலோ, தோட்டத்துக்குப் பக்கத்திலோ இருப்பீர்கள். உங்கள் மலைக்குக் கோபுரம் வருகிறதென்றால், திறப்பு விழாவுக்குக் கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, பலகைகள் எந்தெந்தப் பாகையைப் பார்க்கின்றன, எவ்வளவு குனிகின்றன? இரண்டு, கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் இருக்கிறதா? மூன்று, இந்தக் கோபுரம் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது, அது விழுந்தால் வேறு வழி உண்டா? மேலே ஏறி வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் போதும். காகிதம் அவர்கள் பையில்தான் இருக்கும். எங்களிடம் கேட்டால் காட்டுவோம்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போய் எண்ணைக் குறியுங்கள். கவரேஜ் இல்லை என்று வாயால் சொன்னால், "பார்க்கலாம்" என்பார்கள். கோயிலடியில் மைனஸ் 117, பாடசாலையில் மைனஸ் 112, இங்கே இத்தனை குடும்பம், இத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்தால், பார்க்காமல் விடுவது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். வரைபடத்தில் வெறும் பச்சையாக இருக்கும் இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி இப்போதைக்கு இதுதான்.

அடுத்த வேலை வெலிமடைப் பக்கம். காகிதம் வந்துவிட்டது. 60, 180, 300. எந்த எண் எந்த லயத்தைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள, இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறுவதற்கு முன்பே ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வரப் போகிறோம்.